இறப்புக்கு ஒரு திருப்புதல் தேர்வு

2023ஆம் ஆண்டு நவம்பர் இருபத்து நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, கார்த்திகை எட்டு. விடிவதற்கு முன்பே தூறல் தொடங்கிவிட்டது. வானம் மூடாப்பாக இருந்தது. வாடைக்காற்று மாடியறைச் சன்னலை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தது. அன்று காலை ஆறு மணிக்கு நான் இறந்தேன்.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள், அம்மா? எழுதுங்கள். நீங்கள் ஆட்சியர் அலுவலகத்துக் குழுவிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள். "உங்கள் மகன் பூமிநாதனுக்குக் காப்பாளராகத் தங்கை மகனையும் அவர் மனைவியையும் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டீர்கள். எழுவாயும் பயனிலையும் பொருந்தி அமைந்த நல்ல கேள்வி. இக்காலத்தில் அரசு அலுவலகத்திலிருந்து அப்படியொரு கேள்வி வருவது அரிது. அதற்குரிய விடை நான் இறந்ததிலிருந்துதான் தொடங்குகிறது. வேறு இடத்திலிருந்து தொடங்கினால் விடை முழுமை பெறாது.

என் பெயர் திருமேனிநாதன் என்பது மனுவிலேயே இருக்கிறது. இதே அருப்புக்கோட்டையில் தமிழாசிரியராக இருந்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். பூமிநாதன், வீட்டில் பூமி, எனக்கு ஒரே மகன். வயது முப்பத்தொன்று, அறிவு ஏழு வயதுக்குரியது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த மருத்துவருடைய கையெழுத்தும் ஏழு வயதுக்குரியதுதான். அதை யாரும் குறைபாடாகக் கருதுவதில்லை. என் மனைவி சிவபாக்கியம் காலமானதிலிருந்து அவனுக்கு எல்லாம் நான்தான். காலையில் எழுப்புவது நான். பல் துலக்கச் சொல்வது நான். பத்து மணிக்கு நூலகத்துக்கு அனுப்புவதும் நான். ஆம், நூலகத்துக்குத்தான். அவன் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனாலும் நாலு பேர் ஓசையில்லாமல் உட்கார்ந்து படிக்கும் இடத்தில் இருந்தால் ஒழுங்கு படியும் என்பது என் கொள்கை.

எனக்கு எழுபத்திரண்டு வயதானதும் வழக்கறிஞர் பெத்துராஜிடம் போனேன். என் மாணவன்தான், வல்லினம் மிகும் இடங்களில் மட்டும் எப்போதும் தடுமாறுவான். வீட்டை ஓர் அறக்கட்டளையின் பெயரில் எழுதி, அதன் பயன் முழுவதும் பூமிக்கே சேரும்படி பத்திரம் தயாரிப்பது எளிது என்றான். அவனைப் பார்த்துக்கொள்ளும் ஆளை முடிவு செய்வதுதான் கடினம் என்றான். உறவில் தகுதியானவர் இல்லையென்றால் மதுரைப் பக்கம் ஓர் இல்லம் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றான்.

போய்ப் பார்த்தோம். தூய்மையான இடம். வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். எல்லாரும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது அணைந்திருந்தது. பூமி என் சட்டையின் நுனியைப் பிடித்தவன், பேருந்து அருப்புக்கோட்டைக்கு வந்து சேரும்வரை விடவில்லை. சட்டை கசங்கிவிட்டது.

ஆகவே, மீதியிருந்தவர்கள் என் தங்கை மகன் ஞானசுந்தரமும் அவன் மனைவி வேலம்மாளும்தான். அவன் பந்தல்குடிச் சாலையில் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். அமைதியானவன். அவளுக்கு வாய் அதிகம். இருவரும் பூமியைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். பார்த்துக்கொள்கிறோம் என்று யார்தான் சொல்ல மாட்டார்கள்? நன்றாகப் படிக்கிறேன் சார் என்று சொல்லாத மாணவனை என் பணிக்காலத்தில் நான் சந்தித்ததே இல்லை.

பெத்துராஜிடம் என் ஐயத்தைச் சொன்னேன். அவன் ஏதோ ஒரு கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டே, "தான் செத்தாத்தான சார் சுடுகாடு தெரியும்" என்றான். சலிப்பில் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனையாவது திருப்புதல் தேர்வு எழுதாமல் பொதுத்தேர்வுக்கு நான் அனுப்பியிருக்கிறேனா? முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல் என்று இரண்டு வைத்து, தவறுகளைச் சிவப்பு மையில் சுழித்துக் காட்டி, அதன் பிறகுதான் அனுப்புவேன். ஓர் அரைப்பரீட்சைகூட வைக்காமல் என் மகனை என் இறப்புக்குள் அனுப்புவது எந்த வகையில் நியாயம்?

ஞானசுந்தரத்தையும் வேலம்மாளையும் அழைத்து விதிகளைச் சொன்னேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் இறந்தவன். மாடியறையில் இருப்பேன். அவர்கள் இந்த வீட்டில் தங்கி, நான் இல்லாத வீட்டை எப்படி நடத்துவார்களோ அப்படி நடத்த வேண்டும். நான் பேச மாட்டேன்; தேர்வறைக் கண்காணிப்பாளர் விடை சொல்லிக் கொடுப்பதில்லை. விதிமீறல் கண்டால் பிரம்பால் தரையில் ஒரு முறை தட்டுவேன். எந்தக் காரணத்துக்காகவும் என்னைக் கூப்பிட்டு உதவி கேட்டால், அந்தக் கணமே தோல்வி. பிறகு பூமி மதுரைக்குத்தான்.

ஞானசுந்தரம் தலையாட்டினான். வேலம்மாள் நான் மாடிக்கு எடுத்து வைத்திருந்த பையை எட்டிப் பார்த்தாள்.

"செத்தவுகளுக்கு எதுக்குப் பெரியப்பா பொரிகடலையும் வாழைப்பழமும்?" என்றாள்.

தேவையற்ற கேள்வி என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

பூமிக்கும் பாடம் நடத்த வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடத்தினேன். மூன்றே வாக்கியங்கள். "அப்பா இறந்துவிட்டார். இனித் திரும்ப வரமாட்டார். அத்தானும் அக்காவும் சொல்வதைக் கேட்டு நடப்பேன்." முதலில் 'செத்துட்டாரு' என்றுதான் சொன்னான். திருத்தினேன். இரண்டாவது வாக்கியத்தில்தான் அவன் நின்று நின்று போனான். சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்ப்பான். எதிரில் நிற்கும் ஆளைப் பார்த்து அவர் வரமாட்டார் என்று சொல்வது அவனுக்குக் கடினமாக இருந்திருக்கலாம். நான் விடவில்லை. கடினமான பகுதியைத்தான் மிகுதியாகப் பயிற்றுவிக்க வேண்டும். தீபாவளிக்குள் மூன்றையும் பிழையின்றி ஒப்பித்தான். பயிற்சியில் எனக்குக் குறை சொல்ல இடமில்லை. இதை நீங்கள் பின்னர் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

ஆறு மணிக்கு இறந்தேன் என்றேன் அல்லவா? ஆறரைக்கு வேலம்மாள் அவனை எழுப்பினாள். அவன் முற்றத்துக்கு வந்து, "அப்பா?" என்றான். மாடியறைத் தரையில் காற்றுக்காக ஒரு கம்பியழி உண்டு. அதன் வழியாக முற்றம் முழுவதும் தெரியும். அவள் தட்டில் இட்லியை எடுத்து வைத்தாள். பிறகு, "மாடில இருக்காகப்பா, நீ மொதல்ல வந்து இட்லியத் தின்னு" என்றாள்.

முதல் வினாவிலேயே தவறு. தட்டினேன்.

அவள் நிமிர்ந்து அழியைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க விரும்பவில்லை. அவனைச் சாப்பிட வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஞானசுந்தரம்தான் வந்து, சொல்லுக்குச் சொல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாமா இறந்துட்டாருப்பா" என்றான். பூமி கையைக் கழுவினான். நேராக நின்றான். மூன்று வாக்கியங்களையும் ஒப்பித்தான். ஒரு மாத்திரை கூடவில்லை, குறையவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். பால் வாங்கப் போகிறான் என்று கீழே நினைத்தார்கள். மேலே நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவன் போனது சேவுகன் கடைக்கு. சேவுகன் என்பவர் நேதாஜி தெருவில் பந்தல் கடை வைத்திருப்பவர். கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு எல்லாவற்றுக்கும் நாற்காலியும் பந்தலும் அவரிடமிருந்துதான் போகும். பூமி அவர் முன் நின்று மூன்று வாக்கியங்களையும் ஒப்பித்திருக்கிறான். அதன்பின் போகிற வழியெல்லாம் ஒப்பித்திருக்கிறான். பால்காரரிடம் ஒப்பித்தான். இஸ்திரிப் பெட்டிக்காரரிடம் ஒப்பித்தான். பள்ளி வாயிலில் காவலாளியிடம் ஒப்பித்தான். பள்ளியில் காலை வழிபாட்டில் எனக்காக மௌனம் காத்தார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

எட்டு மணிக்குக் குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. சேவுகனும் இரண்டு ஆட்களும் இறங்கி வாசலில் பந்தல்காலுக்குக் குழி தோண்டத் தொடங்கினார்கள். ஞானசுந்தரம் ஓடிப்போய்த் தடுத்தான். மாமா நன்றாக இருக்கிறார், இது ஒரு பரீட்சை என்றான். சேவுகன் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூமி பொய் சொல்ல மாட்டான் தம்பி. நீங்க சொல்லுவீக."

"இல்லண்ணே, சத்தியமா."

"அப்பச் சாரை வாசலுக்கு வரச் சொல்லுங்க. கும்பிட்டுட்டுப் போயிர்றேன்."

ஞானசுந்தரம் மாடியைப் பார்த்தான். சன்னல் இடுக்கு வழியாக நானும் அவனைப் பார்த்தேன். கூப்பிட்டால் தோல்வி; பூமி மதுரைக்குப் போக வேண்டியதுதான். வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்து, "கெழக்க பாத்துப் போடுங்கண்ணே, மழை அடிக்குது" என்றான்.

அந்த இடத்தில் அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். நீங்களாக இருந்தாலும் கொடுத்திருப்பீர்கள்.

ஒன்பது மணிக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தார் மாலையோடு வந்தார்கள். பணி நிறைவு விழாவில் எடுத்த என் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, ஒரு நாற்காலியில் வைத்து, மாலை போட்டு விளக்கேற்றினார்கள். இருபது ஆண்டுகள் என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்த கணக்காசிரியர் ஆதிமூலம் எழுந்து நின்று, எனக்கு மனிதர்களைவிடச் சொற்களின் மேல்தான் அன்பு அதிகம் என்று பேசினார். அதைப் பாராட்டாகச் சொன்னார் என்றே கருதுகிறேன். என் பழைய மாணவன் ஒருவன், சாரிடம் வாங்கிய அடிதான் தன்னைச் சிங்கப்பூர் வரை தள்ளியது என்றான். தெருப்பெண்கள், வீட்டை யாருக்கு எழுதியிருக்கிறாரோ என்று பேசிக்கொண்டார்கள். உடல் எங்கே என்று வேலம்மாளைக் கேட்டார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு மாடியைக் கை காட்டினாள். அழுகிறாள் என்று நினைத்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் தோள் குலுங்கியது. மேலிருந்து பார்த்த எனக்கு அது அழுகையாகப் படவில்லை.

நான் கவனித்தது பூமியைத்தான். தேர்வு அவனுக்காகத்தானே.

அவன் அழவில்லை. பந்தலுக்குள் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தான். வயதானவர்களுக்குச் சாரல் படாத உட்புறம். பீடி குடிப்பவர்களுக்குத் தெருவோரம். பெண்களுக்குச் சுவரை ஒட்டி. தண்ணீர்க் குடத்தை வைத்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். படியில் குவிந்து கிடந்த செருப்புகளைச் சோடி சேர்த்து ஓரம் கட்டினான். சங்கு ஊதுபவர் வந்ததும் அவர் உட்கார வேண்டிய இடத்தை அவன்தான் காட்டினான். சேவுகனின் ஆள் ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டபோது, "தூக்கி வையி. சத்தம் வரக் கூடாது. இது துக்க வீடு" என்றான். பூமி இவ்வளவு சொற்களைச் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் யாரோ கேட்டார்கள், இந்தப் பையன் எங்கே இதையெல்லாம் கற்றான் என்று. சேவுகன் சொன்னார்: "அஞ்சாறு வருசமா நம்மகூடத்தான வர்றான். பத்து மணியானா கடைக்கு வந்துருவான். எழவு வீட்டுக்கு அவன் வந்தாத்தான் எனக்கு நிம்மதி. கல்யாண வீட்டுக்கு வர மாட்டான், மைக்செட்டுச் சத்தம் ஆகாது."

பத்து மணி. நான் நூலகத்துக்கு அனுப்பும் நேரம்.

ஒருவன் ஐந்தாறு ஆண்டுகளாக நூலகத்துக்கு வரவில்லை என்பதை எனக்குத் தெரிவிக்காதது நூலகரின் பொறுப்பின்மை. அதைப் பற்றித் தனியாக ஒரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். உங்கள் விசாரணைக்கு அது தேவையில்லை.

சிறிது நேரத்தில் மாடிப்படியில் காலடி கேட்டது. பூமி கதவைத் திறந்து வந்தான். கையில் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசல். நான் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து, மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வாயில் வாழைப்பழம் இருந்தது.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அப்பா, படுங்க. செத்தவங்க உக்காரக் கூடாது" என்றான்.

நான் பேசக் கூடாது, விதி அப்படி. எழுந்து கட்டிலில் படுத்தேன். என் கண்ணாடியை மெதுவாகக் கழற்றி, துடைத்து, கூட்டுக்குள் வைத்தான். உள்ளங்கையால் என் கண்களை மூடினான். காலடிப் பக்கம் போய் உட்கார்ந்து, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துத் துணியால் கட்டினான். இறுக்கிக் கட்டவில்லை. "வலிக்காது" என்றான். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தான் போலிருக்கிறது, மூச்சு கேட்டது. கீழே சங்கு ஒரு முறை ஊதி நின்றது.

"நான் சாப்புட்டேன்ப்பா" என்றான். "அக்கா போட்டாங்க. நாலு."

அதற்கு நான் மதிப்பெண் போடவில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லாத பகுதி. தவிர, கண்ணாடி என்னிடம் இல்லை. கண்ணாடி இல்லையென்றால் எனக்குக் கண்ணில் நீர் வடியும். நீண்ட காலமாக உள்ள தொல்லை.

அவன் இறங்கிப் போனதும் சேவுகனும் மூன்று பேரும் வந்தார்கள். என்னைத் தூக்கினார்கள். விதிப்படி நான் அசையவில்லை. நம் வீட்டு மாடிப்படி குறுகலானது, அம்மா, நீங்களே ஏறிப் பார்த்தீர்கள். திருப்பத்தில் என்னைச் சாய்த்தார்கள். தலை கீழாகப் போவதை உணர்ந்ததும் என் கை, என் அனுமதியின்றி, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டது. "கால் முன்னால் போக வேண்டும், மூடர்களே" என்றும் சொன்னேன் என்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

மூன்று பேரும் என்னை விட்டுவிட்டு ஓடினார்கள். சேவுகன் ஒருவர்தான் விடவில்லை. என்னோடு சேர்ந்து நான்கு படி உருண்டார். கீழே நாற்காலிகள் சரிந்த ஓசை கேட்டது. சங்கு ஊதுபவர் சங்கைப் போட்டுவிட்டு மதிலேறிக் குதித்தார். கால் விரல்கள் கட்டியிருந்ததால் என்னால் நிற்க முடியவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்தபடியே கூட்டத்தாருக்கு நிலைமையை விளக்கினேன். திருப்புதல் தேர்வின் இன்றியமையாமையைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. ஆதிமூலம் என் அருகில் வந்து, "நீர் உயிரோடு இருக்கிறீர் என்று தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகப் பேசியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையை அடித்து அடித்துச் சிரித்தாள். ஞானசுந்தரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, "மாமா, நாங்க கூப்பிடல. நீங்களாத்தான் வந்தீக" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது சரி.

பூமியை அழைத்து வந்து என் முன் நிறுத்தினார்கள். பார், அப்பா இருக்கிறார், உயிரோடு இருக்கிறார் என்று நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். வேலம்மாள்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டு, "தொட்டுப் பாருய்யா" என்றாள்.

அவன் தொடவில்லை. என்னைப் பார்த்தான். முதுகை நேராக்கிக்கொண்டான்.

"அப்பா இறந்துவிட்டார். இனித் திரும்ப வரமாட்டார்" என்றான்.

இரண்டாவது வாக்கியத்தில் அவன் நிற்கவில்லை. தடையின்றிச் சொன்னான். பிறகு போய் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினான்.

இனி, அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தை மாதம் ஞானசுந்தரமும் வேலம்மாளும் குடிவந்தார்கள். தேர்வில் அவள் பெற்றது குறைவு; ஆனால் விடைத்தாளைத் திருத்தும்போது, அவள் முதலில் இட்லி போட்டுவிட்டுத்தான் மற்றதையெல்லாம் செய்திருக்கிறாள் என்பதைக் கண்டு, கருணை மதிப்பெண் சேர்த்துத் தேர்ச்சி கொடுத்தேன். பத்திரம் பதிவாகிவிட்டது. அதில் ஒற்றுப்பிழை பதினொன்று. பெத்துராஜைத் திருத்த வைத்தேன். மதுரை இல்லத்துக்கு, இடம் வேண்டியதில்லை என்று எழுதிவிட்டேன். பூமி காலையில் அவளிடம் சொல்லிவிட்டு, பத்து மணிக்குச் சேவுகன் கடைக்குப் போகிறான். நன்றாகச் சாப்பிடுகிறான். நன்றாகத் தூங்குகிறான். நான் இல்லாவிட்டால் என்ன ஆவானோ என்று முப்பது ஆண்டுகள் அஞ்சினேன், ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் அவனிடமே கேட்டுக்கொள்ளலாம். என்னைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம்.

ஏனெனில் அவன் என்னோடு பேசுவதில்லை. கோபம் இல்லை, எதிரில் வந்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுகிறான். புதிதாக மூன்று வாக்கியங்கள் கற்பித்தேன். "அப்பா இறக்கவில்லை. அது தேர்வு. அப்பா இங்கேயே இருக்கிறார்." இரண்டே வாரத்தில் பிழையின்றி ஒப்பித்தான். ஒப்பித்துவிட்டு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனான்.

அந்தப் படத்தைச் சுவரில் மாட்டவும் அவன் விடவில்லை. அதே நாற்காலியில் இருக்கிறது. நாள்தோறும் காலையில் குளித்துவிட்டு வந்து, வேலம்மாள் கலந்து கொடுக்கும் காபியை அதன் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கடைக்குப் போகிறான். அவன் தெருமுனை திரும்பியதும் நான் போய் எடுத்துக் குடித்துக்கொள்கிறேன். எனக்கு நீரிழிவு உண்டு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை இல்லாத காபிதான். இப்போது அவன் இரண்டு கரண்டி போட்டு வைக்கிறான். கூடாது என்று வேலம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் அவனிடம் கேட்டிருக்கிறாள். இறந்தவர்களுக்குப் பிடித்ததைத்தான் வைக்க வேண்டும், அப்பாவுக்கு இனிப்புத்தான் பிடிக்கும் என்றானாம்.